பழைய வண்டியும் அதன் இருக்கையும்



பெருந்தலைவர் காமராசர் ஊர்தோறும் ஏறிச்சென்ற செவர்லே மோட்டார் வண்டி, எம்.டி.டி. 2727 என்னும் எண்பூண்டது, பல்லாண்டு ஓட்டமின்றிக் கிடந்து, அண்மை ஆண்டுகளிற் கைதேர்ந்த தொழிலாளரால் பழுதுநீக்கப்பெற்றுப் பழம்பொலிவோடு சென்னையில் நிற்கின்றது. நம் திருச்செந்தூர்ப் பகுதியினின்றும் சென்று அதனைக் கண்டுவந்த முதியோர் சிலர், அதன் பக்கத்தில் நின்றபோது தம் கண்கள் கலங்கினவென்று எம்மிடம் கூறினர். அவருள் ஒருவர் அவ்வண்டியைத் தாம் சிறுவராயிருந்தபோது புழுதிபறக்க நம் ஊர்ச் சாலையிற் செல்லக் கண்டதுண்டென்றும், அதன் பின்னே ஓடிய சிறுவருள் தாமும் ஒருவரென்றும் உரைத்தார். மற்றையோர் அதனை முன்பு கண்டவரும் அல்லர், எனினும் கலங்கினர். ஒரு வண்டியைக் கண்டு மனிதர் ஏன் கண்கலங்குதல் வேண்டும்? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முதற்கண் பழைய வண்டியைப் புதுக்கும் தொழிலைப்பற்றிச் சிறிது கூறுவாம், என்னை? அஃது எளிய தொழிலென்று பலர் எண்ணியிருக்கின்றனர். வண்டியை ஆணி ஆணியாகக் கழற்றிப் பரப்பிவைத்தல் வேண்டும். பழைய பெயிண்டை முற்றும் சுரண்டித் தகடு வெளிப்படுங்காறும் தேய்த்தல் வேண்டும். துருத்தின்ற இடங்களை வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தபின், டிங்கரிங் செய்வோர் சிறு சுத்தியலாற் பையப்பையத் தட்டி அத்தகட்டிற்குப் பழைய வளைவைக் கொடுப்பர். அதன்மேற் பட்டி பூசுதலும் தேய்த்தலும், மீண்டும் பூசுதலும் தேய்த்தலும் நாட்கணக்கில் நடைபெறும். பம்பரும் விளக்கு வளையமும் குரோமிய முலாம் பெறும். எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டனையும் வளையங்களையும் மாற்றுவர். கடைகளில் அகப்படாத உறுப்புக்களைக் கடைசற் பட்டறையில் தாமே கடைந்துகொள்வர். இவ்வளவும் முடிந்தபின் அவ்வண்டியிற் பழமை எவ்வளவு, புதுமை எவ்வளவு என்று பகுத்துரைத்தல் அரிது.

இது நமக்குப் புதிய சங்கடமன்று. நம் கோயில் தேர்களும் இத்தகையனவே. திருவாரூர் ஆழித்தேர் 1926-ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று, மீண்டும் செய்யப்பட்டது, பின்னர்ப் பல்லாண்டு ஓடாது நின்று, 1970-ல், திருச்சிராப்பள்ளி பெல் ஆலையார் இயற்றிய இரும்புச் சக்கரங்களோடும் தடைக்கருவிகளோடும் ஓடிற்று. அதனைப் புதுத்தேர் என்பார் யாரும் இலர். மரமும் இரும்பும் மாறினும் ஓடும் வீதியும் ஏறும் தெய்வமும் வடம்பிடிக்கும் மக்களும் மாறாமையின் அது பழந்தேரே. ஆயின் மோட்டார் வண்டிக்கு அத்தகைய வீதி யாது? மக்கள் யாவர்? அவ்வண்டி ஓடிய வீதியையும் அதில் ஏறினோரையும் ஏறவொட்டாது தடுக்கப்பட்டோரையும் நாம் மறந்துவிடுவோமாயின், எஞ்சுவது பளபளக்கும் தகடு மட்டுமே. தகட்டைப் புதுக்குதல் பட்டறையார் தொழில். மற்றையதைப் புதுக்குதல் வரலாறு எழுதுவோன் கடன்.

இடையே ஒரு சொல்லாராய்ச்சி. தமிழாசிரியனுக்கு இஃது ஒரு நோய்போலும்! மோட்டார் வண்டியைக் கார் என்று வழங்குகின்றோம். தமிழிற் கார் என்பது கருமை, மேகம், மழைக்காலம் எனப் பல பொருள்படும். ஆங்கிலச் சொல் நம் நாட்டிற்கு வந்தபோது, முன்னரே இங்குக் குடியிருந்த ஒரு தமிழ்ச்சொல்லின் வீட்டில் வாடகையின்றித் தங்கிவிட்டது. மகிழுந்து என்று பிற்காலத்தார் ஆக்கிய சொல் பாடப்புத்தகத்தைவிட்டு வெளியே வர அஞ்சுகின்றது. பஸ்ஸுக்குப் பேருந்து என்ற பெயரோவெனின் நன்கு நிலைபெற்றுவிட்டது. மகிழ்ச்சி சிலர்க்கேயும் பேருந்து பலர்க்கும் உரியதாயினமைபற்றிப்போலும்.

நிற்க. நம் குலத்தார் வண்டிக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவு மோட்டாரோடு தொடங்கியதன்று. திருச்செந்தூர்த் தாலூகாவின் செம்மணல் தேரியையும் பனங்காட்டையும் அறிந்தோர், அம்மண்ணில் நெல் விளையாதென்பதனை அறிவர். பனையே செல்வம், கருப்பட்டியே நாணயம். கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசை வரிசையாக வடக்கே சென்றன. வழியிற் கள்வர்பயம் மிகுதி. ஆதலின் வணிகர் கூட்டமாகச் சென்று, இரவிற் சுற்றுமதிலும் கிணறும் காவலும் உடைய பேட்டைகளில் வண்டிகளை அவிழ்த்தனர். அப்பேட்டைகளின் செலவுக்காக வண்டிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று தாமே தம்மீது விதித்துக்கொண்ட வரியே மகமை. அம்மகமைப் பணம் பின்னர்க் கோயிலாயிற்று, கிணறாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்னும் ஆறு ஊர்களும் இவ்வண்டித் தடத்தின் வழியே தழைத்த வணிகத் தலங்களாம். காமராசர் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பிறந்த விருதுபட்டி அவ்வாறனுள் ஒன்று. ஆதலின் சென்னையில் நிற்கும் செவர்லேயின் பாட்டனார் யாரென்று வினவுவார்க்கு, நம் தேரிக்காட்டுச் சாலையிற் சென்ற கருப்பட்டி வண்டியே என்று விடை கூறலாம்.

அவ்வண்டியோட்டிகள் சரக்கை ஏற்றிச் செல்லலாம். தாம் ஊர்வலமாக ஏறிச் செல்லுதல் ஆகாது என்றிருந்த காலமும் உண்டு. கலியாணத்திற் பல்லக்கேறும் உரிமைபற்றி எத்தனை பிராதுகள், எத்தனை கலகங்கள்! 1897-ல் கமுதிக் கோயிலினுள் நம்மவர் புகுந்தமைபற்றி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில்வரை சென்று, 1908-ல் நமக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. இடையே 1899-ல் சிவகாசிக் கலகம் நிகழ்ந்தது. 1910-ல் பொறையாற்றில் இராவ்பகதூர் இரத்தினசாமி நாடார் முயற்சியால் மகாஜன சங்கம் தோன்றியமைக்கு இவையெல்லாம் பின்புலம். இவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. ஓர் இருக்கையில் ஏறுதல் என்பது நம் பாட்டனார் காலத்தில் உயிர்போகும் காரியமாயிருந்தது என்பதனை மட்டும் இளைஞர் நினைவிற்கொள்க.

மோட்டார் வண்டி தமிழ்நாட்டிற்கு வந்த வரலாறு சுவையுடையது. 1901-ல் பாரி கம்பெனியின் இயக்குநர் யார்க் என்பார் அடையாற்றிலிருந்து தம் அலுவலகத்திற்கு நாள்தோறும் மோட்டாரிற் சென்றார். 1903-ல் சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் சென்னையிலேயே நீராவிக் கார் ஒன்றை இயற்றினார். சென்னையிற் பெருங்கட்டடங்கள் பல கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் எம்.சி. 3 என்னும் எண்ணுடைய வண்டிக்கு உடையவராயிருந்தார். அந்நகரில் முதன்முதல் மோட்டார் வைத்திருந்த இந்தியர் அவரே என்பர். இவையெல்லாம் ஒருவர் ஏறுவதற்குரிய வண்டிகள். ஊரார் ஏறுவதற்குரிய வண்டியை ஓட்டியவருள் முன்னிற்பவர் நம் திருநெல்வேலிச் சீமையார். திருக்குறுங்குடியிற் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அக்காலத்துச் சாலைகளில் மாட்டு லாடங்களினின்றும் கழன்றுவிழுந்த ஆணிகள் டயர்களைக் குத்திக் கிழித்தலின், அவற்றைப் பொறுக்கிச் செல்லக் காந்தம் பொருத்திய வண்டியொன்றை அவர் கம்பெனியார் ஓட்டினர் என்பர். பழைய யுகம் புதிய யுகத்தின் காலில் ஆணியாய்த் தைத்தது என்பதற்கு இதனினும் நல்ல உவமை எமக்குக் கிடைத்திலது.

நம் கடற்கரைக்கு மோட்டாரின் முன்னே இரயில் வந்தது. குலசேகரன்பட்டினத்தில் இருந்த சர்க்கரை ஆலைக்காகப் பாரி கம்பெனியைச் சார்ந்தோர் அமைத்த சிற்றிரயில், திசையன்விளையினின்றும் குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர்வரை தேரி மணலின் ஓரமாக ஓடிற்று, 1940-ல் நின்றுபோயிற்று. 1923-ல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய இரயில் வந்தபின், காவடி சுமந்து நாட்கணக்கில் நடந்துவந்தோருட் பலர் ஒரே நாளில் வந்து கடலாடித் திரும்பலாயினர். அதன்பின் பஸ். ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம் என ஊர்ப்பெயர்களைக் கண்டக்டர் கூவும் ஓசை, இப்பகுதியிற் பிறந்தார் யாவர்க்கும் தாலாட்டுப்போற் பழக்கமானது. இரண்டாம் உலகப்போரிற் பெட்ரோல் அகப்படாதபோது பஸ்ஸின் பின்புறத்திற் கரியடுப்பொன்றைப் பொருத்தி, அதனின்றெழும் வாயுவால் வண்டியை ஓட்டினர். புறப்படுதற்கு முன் ஒருவன் காற்றாடியைச் சுழற்றிச் சுழற்றி நெருப்பு மூட்டுவான். பிரயாணிகள் கரிபடிந்த முகத்தோடு இறங்குவர். மேட்டில் வண்டி ஏறாதாயின் அனைவரும் இறங்கித் தள்ளுவர். எம் பாட்டனார் இதனைக் கூறுந்தோறும் நகைப்பார். தள்ளுங்காற் சாதி வேற்றுமை பார்த்தாரில்லை என்பார்.

தள்ளுங்காற் பார்த்திலர், ஏறுங்காற் பார்த்தனர். பழைய வண்டிகளைப்பற்றி நம்மவர் உருகிப் பேசுங்கால் விட்டுவிடும் செய்தி இதுவே. 1920-களில் தென்னாட்டு பஸ்கள் பலவற்றில் ஆதிதிராவிடர் ஏறலாகாது. சில கம்பெனியார் டிக்கட்டிலேயே அதனை அச்சிட்டிருந்தனர். காசு கொடுத்தாலும் இடம் இல்லை. சாலையோ ஜில்லா போர்டின் சாலை. அச்சாலைக்கு வரி செலுத்தியவருள் அவரும் அடங்குவர். எனினும் அச்சாலையில் ஓடும் வண்டியின் புழுதியே அவர்க்குக் கிடைத்த பங்கு.

இக்கொடுமையைத் தம் கையொப்பத்தால் அறுத்தவர் ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார். 1893-ல் பட்டிவீரன்பட்டியிற் பிறந்த அப்பெரியார், 1928 முதல் 1930 வரை இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்தார். பஸ்களுக்கு லைசென்ஸ் வழங்குதல் போர்டின் அதிகாரத்தில் இருந்தது. எல்லாச் சாதியாரையும் வேற்றுமையின்றி ஏற்றிச்செல்லாத பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். பிரசங்கம் செய்திலர், பஸ் முதலாளிகளின் மனம் மாறுங்காறும் காத்திருந்திலர், லைசென்ஸ் என்னும் ஒரு சொல்லைப் பற்றினார், அது போதியதாயிற்று. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் செங்கற்பட்டிற் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டிற்கும் அவரே தலைமை வகித்தார். சென்னைத் தியாகராயநகரில் அவர் பெயரால் அமைந்த அங்காடியைப் பாண்டி பஜார் என்று சுருக்கி வழங்குவோர், சேலை வாங்கித் திரும்புங்கால் ஒருமுறை அப்பெயர்க்குரியவரை நினைத்தல் நன்று.

நம் குலத்து அறிஞர் ஒருவர் அவ்வுத்தரவைப் பிறப்பித்தார் என்று பெருமைகொள்ளுதல் முறையே. ஆயினும் அப்பெருமையோடு வேறொன்றையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். தமக்கு இடம் மறுக்கப்பட்ட வகுப்பினர், தமக்குக் கீழ் என்று தாம் கருதியோர்க்கு இடம் மறுத்த வரலாறும் இந்நாட்டில் உண்டு. நம்மவர் அதற்கு விலக்கல்லர். சவுந்தரபாண்டியனார் எதிர்த்தது அயலாரை மட்டும் அன்று. தம்மவர் மனத்தையும் எதிர்த்தார். பத்திரிகைகளில் இதனை எழுதுவோர் அரியர்.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் காமராசர் முதலமைச்சராயினார். அவர் அமைச்சரவையில் ஆதிதிராவிட வகுப்பினரான பி. பரமேசுவரனுக்கு அறநிலையத்துறை வழங்கப்பட்டமை பலரும் எடுத்துரைப்பது. கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவர் மரபில் வந்தாரைக் கோயிலார் மாலையிட்டு வரவேற்க நேர்ந்தது அதனால். ஆயின் அவர் கையில் அளிக்கப்பட்ட துறைகளுட் போக்குவரத்தும் ஒன்று என்பதனைக் கூறுவார் சிலரே. பஸ்ஸில் ஏறலாகாதென்று டிக்கட்டில் அச்சிட்டுக் கால்நூற்றாண்டு கழிவதற்குள், அவ்வகுப்பார் ஒருவர் எல்லா பஸ்களுக்கும் அமைச்சராயினார். எந்தப் பட்டறையில் எந்தப் பழைய வண்டியைப் புதுக்கினும் இத்துணைப் பளபளப்பு உண்டாகாது.

இனி அச்செவர்லேக்கு வருவாம். செவர்லே என்பது அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டி. அக்கம்பெனியார் 1928-ல் பம்பாய்ச் சிவ்ரியில் ஆலை வைத்து, கடல்வழி வந்த உறுப்புக்களைப் பூட்டி வண்டியாக்கி விற்றனர். தென்னாட்டில் அவற்றை விற்றவர் டி.வி.எஸ். கம்பெனியார். இந்நாட்டிலேயே உறுப்புக்களைச் செய்யும் எண்ணமில்லாத கம்பெனிகள் மூன்றாண்டிற்குள் தொழிலை முடித்துக்கொள்க என்று 1953-ல் சர்க்கார் கூறவே, ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் இந்தியாவைவிட்டு நீங்கின. அதன்பின் சாலைகளில் அம்பாசிடரும் பியட்டும், சென்னையிற் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டுமே மிக்கன. அமெரிக்க வண்டிகளை வைத்திருந்தோர் உதிரி உறுப்புக்கு அலைந்தனர். அவ்வகையில் எம்.டி.டி. 2727 ஒரு முடிந்த காலத்தின் எச்சம்.

காமராசர்க்குச் சொந்த வண்டி இல்லை. சொந்த வீடும் இல்லை. அவர் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் உயிர்நீத்த திருமலைப்பிள்ளை வீதி இல்லம் வாடகை இல்லம். அவர் வண்டி முதலமைச்சரின் சிறப்பைக் காட்டும் பொருளாக ஓடியதன்று. ஊர்களை எட்டுதற்குரிய கருவியாக ஓடிற்று. முன்னே சென்ற போலீஸ் வண்டி ஊதுகுழல் ஒலித்தபோது அவர் அதனை நிறுத்தச் சொன்னாரென்று கூறுவர். சேரன்மாதேவிக் கதையை நம் பகுதியில் அறியாதார் இலர். இரயில் வருதற்காகக் கேட்டை அடைத்திருந்தனராம், வண்டி நின்றதாம், இறங்கிய காமராசர், பள்ளி செல்லாது ஆடுமாடு மேய்த்துநின்ற சிறுவரை வினவினாராம், உணவு கிடைக்குமாயின் பள்ளிக்கு வருவோம் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தனராம். இது செவிவழிச் செய்தி. ஆயின் 1956-ல் எட்டயபுரத்தில் அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தமை வரலாறு. அக்கதையின் களமாகச் சேரன்மாதேவி அமைந்ததும் வியப்பே. 1924, 1925-ஆம் ஆண்டுகளில் அவ்வூர்க் குருகுலத்திற் பிள்ளைகளைப் பந்திபிரித்து உண்பித்தமைபற்றித் தமிழ்நாடே இரண்டுபட்டது. பந்தி பிரிந்த ஊர்க்கேட்டில் நின்ற வண்டியிலிருந்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உண்ணும் பந்தி பிறந்ததென்று நம் மக்கள் கதை சொல்வது பொருளின்றியோ?

இப்போது கடல்கடந்த நாட்டிலிருந்து ஓர் உதாரணம் காட்டுவாம். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரில், 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல்நாள், ரோசா பார்க்ஸ் என்னும் நீக்ரோ மாதரசி — இப்பெயரை இக்காலத்தார் விரும்பாராதலின் கறுப்பின மாதரசி என்போம் — பஸ்ஸில் வெள்ளையர்க்கு இடம்விட்டு எழ மறுத்தார், சிறைப்பட்டார். அந்நகரக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறாது நடந்தே சென்று வென்றனர். அந்த பஸ், 2857 என்னும் எண்ணுடையது, அதே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1948-ற் செய்தது. ஓட்டம் முடிந்தபின் அதனை ஒருவர் வாங்கி வயலில் நிறுத்தி மரச்சாமான் அடுக்கும் கொட்டகையாகப் பயன்படுத்தினார். மழையும் வெயிலும் துருவும் அதனைத் தின்றன. 2001-ல் டியர்பார்ன் நகரத்து ஹென்றி போர்டு மியூசியத்தார் அதனை 4,92,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, மேலும் மூன்று லட்சம் டாலருக்குமேற் செலவிட்டு, 1955-ல் இருந்தபடியே ஆக்கி, 2003-ல் மக்கள் காண வைத்தனர். சிறந்தது யாதெனின், அதனைக் கயிறு கட்டி மறைத்தாரில்லை. வருவோர் ஏறலாம், அமரலாம். எஞ்சின் எத்தனைக் குதிரைத்திறன் என்று அங்கே யாரும் வினவுவதில்லையாம். எந்த இருக்கை என்றே வினவுகின்றனராம். பழைய வண்டியைக் காப்பதில் அவர்கள் கண்ட முறை இது. டிக்கட்டில் சாதி அச்சிட்ட பஸ் ஒன்றையேனும் நாம் காத்துவைத்திருக்கின்றோமா? எல்லாம் பழைய இரும்புக்கு எடைபோடப்பட்டன.

இவை பழங்கதை, இன்றைக்கு என்ன என்று இளைஞர் வினவலாம். அவர்க்கு 1997-ஆம் ஆண்டை நினைவூட்டுவாம். அதற்குமுன் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தலைவர் பெயர்களையும் மன்னர் பெயர்களையும் தாங்கியிருந்தன. நம் பகுதியில் ஓடியது 1974-ல் தோன்றிய கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். மதுரையில் பாண்டியன். ஜில்லாக்களுக்கும் அவ்வாறே: தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டம், விருதுநகர் காமராசர் மாவட்டம். 1997-ல் விருதுநகரைத் தலைமையாகக் கொண்டு புதிய கழகம் ஒன்றை அமைத்து, வீரன் சுந்தரலிங்கம் பெயரை அதற்கு இட்டனர். சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படைத்தலைவன்; நம் தூத்துக்குடி ஜில்லாக் கவர்னகிரியிற் பிறந்தவன்; ஒடுக்கப்பட்ட குலத்தவன். அப்பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சிலர் கூறினர். பஸ்கள் உடைந்தன, தென்ஜில்லாக்களில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அரசினர், எல்லாக் கழகங்களினின்றும் எல்லா மாவட்டங்களினின்றும் பெயர்களைக் களைந்துவிட்டனர்.

அன்பர்களே! இதனை ஊன்றி நோக்குமின். காமராசர் மாவட்டம் என்னும் பெயர் அவர் பிறந்த மண்ணினின்றும் நீங்கியமைக்குக் காரணம், அவர்மேல் எவர்க்கேனும் இருந்த பகைமை அன்று. வேறொரு வீரன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மறுத்தமையே. 1920-களில் மனிதன் ஏறலாகாதென்றனர். 1997-ல் அவன் பெயர் ஏறலாகாதென்றனர். எழுபதாண்டில் வண்டியின் எஞ்சின் எத்துணையோ மாறிற்று. கட்டபொம்மன் என்று பக்கத்தில் எழுதிய பஸ்ஸை நினைந்து இன்று பெருமூச்செறிவோர் நம் ஊரிற் பலர். அவ்வெழுத்து ஏன் அழிந்ததென்று தம் பேரப்பிள்ளைகட்குக் கூறுவோர் எத்தனை பேர்?

2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாதர்க்குக் கட்டணம் இல்லை. விடியற்காலையில் வீரபாண்டியன்பட்டினத்திலும் காயல்பட்டினத்திலும் நின்று பார்ப்போர், மீன்கூடையும் பூக்கூடையும் பதநீர்ப் பானையும் உடைய மாதர் அவ்வண்டிகளில் ஏறுதலைக் காண்பர். அவ்வாண்டு டிசம்பரிலேயே, கன்னியாகுமரி ஜில்லாக் குளச்சலில் மீன் விற்று வீடு திரும்பிய முதியவள் ஒருத்தியை, மீன் நாற்றம் வீசுகின்றதென்று சொல்லிப் பேருந்தினின்றும் இறக்கிவிட்டனர். அவள் பேருந்து நிலையத்தில் நின்று உரத்த குரலில் நியாயம் கேட்டாள், அக்காட்சி நாடெங்கும் பரவிற்று, முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநரும் நடத்துநரும் நேரக்காப்பாளரும் பணியினின்றும் நிறுத்திவைக்கப்பட்டனர். லைசென்ஸ் என்ற சொல்லைப் பற்றிய சவுந்தரபாண்டியனார் முறையே அங்கும் பயன்பட்டது.

நம் அங்கத்தினர் வீடுகளிற் பழைய பஸ் டிக்கட்டுகள், ஜில்லா போர்டு லைசென்ஸ்கள், வண்டிப்பேட்டை மகமைக் கணக்குப் புத்தகங்கள், கரிவாயு பஸ்ஸின் படங்கள் முதலியன பரணிற் கிடத்தல் கூடும். கறையான் முந்துதற்குள் அவற்றைச் சங்க அலுவலகத்திற் கொணர்ந்து காட்டுவாராக. படியெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம். டிக்கட்டு எவ்வளவு கிழிந்திருப்பினும் குற்றமில்லை. அதன் பின்புறத்து அச்சு தெரிந்தாற் போதும்.